நாட்டுக்கு நாடு ஆயுள் ஏன் மாறுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவின் அண்மைய மதிப்பீட்டில் உலகின் சராசரி ஆயுள் சுமார் 73 ஆண்டுகள். ஜப்பான் 84-ஐத் தாண்டி நிற்கிறது. இந்தியா 72. நைஜீரியா 54, 55 என்று கிடக்கிறது. இந்தப் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் பணம், மரபணு, மீன், பச்சைத் தேநீர் என்று காரணங்கள் அடுக்கப்படும். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது அந்த நாட்டில் ஆட்கள் எந்த வயதில் சாகிறார்கள் என்பதைத்தான். அது தெரிந்தால் பாதிக் காரணம் தானாக வெளியே வந்துவிடும்.

நைஜீரியாவில் சராசரி ஆயுள் 54 என்றால், அங்கே எல்லாரும் 54 வயதில் இறந்துவிடுகிறார்களா?

இல்லை. லாகோஸில் 75 வயதுப் பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சராசரி என்பது எல்லா வயது இறப்பையும் கலந்து வருவது. ஒரு சின்னக் கணக்கு: பத்துக் குழந்தைகள் பிறக்கின்றன. மூன்று ஒரு வயதில் இறந்துவிடுகின்றன, மீதி ஏழு பேர் 70 வரை வாழ்கிறார்கள். சராசரி 49.3. ஆனால் அந்த ஊரில் 49 வயதில் ஒருவர்கூடச் சாகவில்லை.

அப்படியானால் எல்லாம் குழந்தை இறப்புதானா?

இப்படித்தான் பலரும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பாதிகூடத் தேறாது. நைஜீரியாவில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 100-க்கு மேல் ஐந்து வயதைத் தொடுவதில்லை. ஜப்பானில் அது 2 அல்லது 3. அந்த நூறு குழந்தைகளும் ஆளுக்கு 80 ஆண்டுகளை இழந்ததாக வைத்துக்கொண்டாலும், ஆயிரம் பேரின் சராசரியில் குறைவது 8 ஆண்டுகள். இரண்டு நாட்டுக்கும் இடைவெளியோ 30 ஆண்டுகள்.

மீதி எங்கே போனது? பெரியவர்களிடம். உலகில் ஓராண்டில் நடக்கும் பிரசவ மரணங்களில் கால் பங்குக்கு மேல் நைஜீரியாவில் மட்டும் நடக்கின்றன. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் நிற்காத இரத்தப்போக்கு, இரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு, கிருமித்தொற்று. மூன்றுக்கும் வைத்தியம் உண்டு, அதுவும் பழைய வைத்தியம். அதோடு காசநோய், எச்.ஐ.வி., கவனிக்கப்படாத இரத்த அழுத்தம், சாலை விபத்து. இருபதிலிருந்து ஐம்பதுக்குள் நடக்கும் இந்தச் சாவுகள் சராசரியைப் பலமாக இழுக்கின்றன.

இந்த எண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இன்று பிறக்கும் குழந்தை இத்தனை ஆண்டு வாழும் என்று எப்படித் தெரியும்?

தெரியாது. ஓர் ஆண்டில் ஒவ்வொரு வயதிலும் நூற்றுக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இன்று பிறக்கும் குழந்தை ஆயுள் முழுக்க அந்த ஆண்டின் இறப்பு விகிதங்களையே சந்திக்கும் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதனால் இது அந்த ஆண்டின் நிலவரம், ஜோசியம் இல்லை.

ருவாண்டாவைப் பாருங்கள். இனப்படுகொலை நடந்த 1994-இல் அந்நாட்டின் சராசரி ஆயுள் 20-க்கும் கீழே விழுந்தது. அந்த ஆண்டில் பிறந்து பிழைத்த குழந்தைகள் இன்று முப்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். நாட்டின் சராசரியும் இப்போது 65-க்கு மேல். கொரோனா காலத்தில் உலக சராசரி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சரிந்து, பிறகு திரும்பியதும் இதே காரணத்தால்தான்.

"அந்தக் காலத்தில் எல்லாரும் நூறு வயது வாழ்ந்தார்கள்" என்கிறார்களே?

நூறு வயது வாழ்ந்த கொள்ளுத்தாத்தா நினைவில் இருக்கிறார். அவரோடு பிறந்து, பெயர் வைக்கும் முன்பே இறந்த நான்கு பேர் யார் நினைவிலும் இல்லை. விடுதலையின்போது இந்தியாவின் சராசரி ஆயுள் 32-ஐ ஒட்டித்தான் இருந்தது.

நாட்டில் பணம் சேர்ந்தால் ஆயுள் தானாகக் கூடிவிடாதா?

ஓர் அளவு வரை கூடும். சாமுவேல் பிரெஸ்டன் என்ற அமெரிக்க மக்கள்தொகை ஆய்வாளர் 1975-இல் வருமானத்தையும் ஆயுளையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். ஏழை நாடுகளில் வருமானம் கொஞ்சம் கூடினாலே ஆயுள் சரசரவென ஏறுகிறது. பணக்கார நாடுகளுக்கு வந்ததும் கோடு ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. அதைவிட முக்கியமாக இன்னொன்றையும் காட்டினார்: காலம் போகப் போக அந்தக் கோடே மேலே நகர்கிறது. அதாவது அதே வருமானத்தில் 1930-களில் கிடைத்ததைவிட 1960-களில் கூடுதல் ஆயுள் கிடைத்தது. தடுப்பூசி, மருந்து, கிருமி பற்றிய அறிவு எல்லாம் பணத்தைவிட வேகமாகப் பரவின.

ஆனால் அந்த அறிவு ஒவ்வொரு நாட்டிலும் கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்ததா என்பதில்தான் வித்தியாசம்.

கடைசி வீடு வரை என்றால்? ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

வங்கதேசம். எனக்கு மிகப் பிடித்த உதாரணமும் இதுதான்.

வயிற்றுப்போக்கில் குழந்தை சாவது பெரும்பாலும் உடம்பில் நீரும் உப்பும் வற்றிப்போவதால். உப்பையும் சர்க்கரையையும் சேர்த்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். 1960-களின் கடைசியில் டாக்காவிலும் கொல்கத்தாவிலும் இது நிரூபிக்கப்பட்டது. 1971 வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்க எல்லையோரப் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, சிரை வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பிக் கொடுத்தார். உறவினர்களே குவளையில் பிடித்து நோயாளிக்குப் புகட்டினார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

சரி, மருந்து கிடைத்துவிட்டது. அதை லட்சக்கணக்கான கிராமத்து வீடுகளுக்குக் கொண்டுபோவது எப்படி? பிராக் என்ற வங்கதேசத் தொண்டு நிறுவனம் 1980-இல் தொடங்கி, பெண் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பியது. பொட்டலம் எதுவும் கையில் இல்லை. மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர். தாய்மாரை உட்கார வைத்து அவர்கள் கையாலேயே கலக்கச் சொன்னார்கள். இன்னொரு குழு சில வாரம் கழித்துப் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கலக்குகிறாரா என்று சோதித்தது. அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம். எத்தனை வீடு ஏறி இறங்கினோம் என்று கணக்குக் காட்டித் தப்பிக்க வழியில்லை. பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இது போய்ச் சேர்ந்தது.

இன்று வங்கதேசத்தின் சராசரி ஆயுள் 74-ஐ ஒட்டி நிற்கிறது. இந்தியாவைவிடக் கொஞ்சம் அதிகம், பாகிஸ்தானைவிட நன்றாகவே அதிகம். கரைசல் மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். தடுப்பூசியும், பெண்கள் பள்ளிக்குப் போனதும், குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்ததும் சேர்ந்தே வேலை செய்தன.

இலங்கை பணக்கார நாடு இல்லை. அங்கே மட்டும் எப்படி 77 வந்தது?

1934-35-இல் இலங்கையில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவிச் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். 1931-லேயே எல்லாருக்கும் வாக்குரிமை வந்துவிட்ட நாடு அது. ஓட்டுக் கேட்டுப் போகிறவர்கள் ஆஸ்பத்திரி எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. கிராமப்புறங்களில் சிறு மருத்துவமனைகள் பெருகின. 1945-இல் இலவசக் கல்வி. 1951-இல் அரச மருத்துவமனைகளில் கட்டணம் நீக்கப்பட்டது.

1946-இல் டி.டி.டி. என்ற கொசு மருந்தின் தெளிப்பு தொடங்கியது. ஒரே ஆண்டில் சராசரி ஆயுள் 43-லிருந்து 52-க்குத் தாவியது. மலேரியா இல்லாத மாவட்டங்களிலும் அதே காலத்தில் இறப்பு குறைந்திருக்கிறது என்பதைப் பின்னாளில் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். எனவே கொசு மருந்துக்கு மட்டும் மாலை போட முடியாது.

என் கணிப்பில் பெரிய வேலையைச் செய்தவர் குடும்பநல மருத்துவமாது, அதாவது ஊருக்கென்றே இருக்கும் அரசுப் பிரசவத் தாதி. 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல் வளர்ந்த ஏற்பாடு இது. சில ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், தன் பகுதியில் யார் கர்ப்பமாக இருக்கிறார், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்று அவருக்குத் தெரியும். நிறையும் உயரமும் அட்டையில் ஏறும். தாய் கிளினிக்குக்கு வரவில்லையென்றால் அவரே வீட்டுக்கு வந்துவிடுவார். 1930-களில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000-க்கும் மேல் இருந்த தாய் இறப்பு, இப்போது 40-க்கும் கீழே. மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அறிவித்தது.

எல்லாருக்கும் இது ஒரே மாதிரிக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மலையகத் தோட்டங்களில் வைத்திய வசதி பல காலம் தோட்ட நிர்வாகங்களின் கையில், அரச அமைப்புக்கு வெளியே நின்றது. தோட்டத் தொழிலாளர்கள் வாழும் வரிசை வீடுகளான லயன் அறைகளில் சிசு மரணம் பல தசாப்தங்களாக நாட்டின் சராசரியைவிட அதிகமாகவே இருந்தது. மலையில் தேயிலைத் தோட்டம், கீழே ஒரு கிராமம். அந்தக் கிராமத்துக்கு வரும் மருத்துவமாது தோட்டத்துக்குள் வரமாட்டார் என்றால் சராசரி ஆயுள் வேறுபடத்தானே செய்யும்?

அமெரிக்கா வைத்தியத்துக்குக் கொட்டாத பணமா? பிறகும் ஏன் ஜப்பானைவிட ஐந்தாறு ஆண்டுகள் குறைவு?

நாட்டு உற்பத்தியில் 17 சதவீதத்துக்கு மேல் அமெரிக்கா மருத்துவத்துக்குச் செலவிடுகிறது. ஜப்பான் 11 சதவீத அளவில் நிற்கிறது. ஆனாலும் அமெரிக்க ஆயுள் 2019-இல் 78.8. கொரோனாவில் 2021-இல் 76.4 வரை இறங்கி, 2023-இல் 78.4-க்கு ஏறியது.

மறுபடியும் வயதைப் பாருங்கள். எண்பதைத் தாண்டிவிட்ட அமெரிக்கர் மற்றப் பணக்கார நாட்டு முதியவர்களுக்குச் சளைத்தவர் இல்லை. அங்கே விலை உயர்ந்த வைத்தியம் நன்றாகவே வேலை செய்கிறது. இழப்பு அதற்கு வெகு முன்னாலேயே நடக்கிறது. 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலும் போதை மருந்தின் அளவு மிஞ்சி இறந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் 1990-களின் பிற்பகுதியில் தாராளமாக எழுதிக்கொடுத்த ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மாத்திரைகளில் தொடங்கி, ஹெராயினுக்குப் போய், ஃபென்டனில் என்ற செயற்கைப் போதை மருந்தில் வந்து நின்ற கதை அது. 2021-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கும் மேற்பட்டோர், அதில் பாதிக்கு மேல் தற்கொலை. சாலையில் சுமார் 43,000 பேர். மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் சாலைச் சாவு ஜப்பானைப்போல நான்கைந்து மடங்கு.

முப்பது வயதில் ஒருவர் இறந்தால் ஐம்பது ஆண்டுகள் போகின்றன. 85 வயதில் இறந்தால் சில ஆண்டுகள்தான். சராசரி ஆயுள் என்ற கணக்கு இளம் வயதுச் சாவுக்குத்தான் அதிகத் தண்டனை கொடுக்கும். பெரியவர்களில் பத்துக்கு நான்கு பேர் உடல்பருமன் உள்ளவர்கள் என்பதும், நீரிழிவும் இதயநோயும் ஐம்பதுகளில் ஆளைச் சாய்ப்பதும் இதோடு சேர்கின்றன. காப்பீடு இல்லாதவர்கள் இரண்டரைக் கோடிப் பேராவது இருக்கிறார்கள். மாத்திரையைப் பாதியாக உடைத்து நாளைத் தள்ளுகிறவர்கள் காப்பீடு உள்ளவர்களிலும் உண்டு. மூளை அறுவை சிகிச்சையில் தேர்ந்த நாடு என்பது இவர்களில் யாருக்கும் உதவாது.

ஜப்பானியர்கள் மீன் சாப்பிடுவதால்தானே?

மீன் அப்போதும் சாப்பிட்டார்கள். ஆனால் 1947-இல் ஜப்பானிய ஆணின் சராசரி ஆயுள் 50. 1950-களில் தொடங்கி முப்பது ஆண்டுகள் அங்கே முதல் கொலையாளி பக்கவாதம். காரணம் உப்பு. வடக்கே அகிதா மாவட்டத்தில் ஒரு நாளைக்கு 20 கிராமுக்கும் மேல் உப்பு உள்ளே போனது. உப்பில் ஊறிய காய், உப்பில் ஊறிய மீன், உப்புச் சேர்த்துப் புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப். அதற்குமேல் குளிர்கால வீடுகளின் சில்லிப்பு வேறு.

நகானோ மாவட்டமும் பக்கவாதத்துக்குப் பெயர் போன இடம்தான். அங்கே பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் மிசோ சூப்பில் உப்பு எவ்வளவு என்று அளந்து சொன்னார்கள். வீட்டில் ஓர் அறையையாவது சூடாக வையுங்கள் என்று ஓர் இயக்கமே நடந்தது. 1961-இல் எல்லாருக்கும் காப்பீடு வந்தது, இரத்த அழுத்தப் பரிசோதனை வழக்கமானது. குளிர்சாதனப் பெட்டி வந்ததும் உப்பிலிடும் தேவையே குறைந்தது. நகானோ பின்னர் ஜப்பானிலேயே நீண்ட ஆயுள் உள்ள மாவட்டமாக ஏறிவந்தது. இன்றும் ஜப்பானியர் உப்பு விஷயத்தில் உத்தமர்கள் இல்லை, தினமும் 10 கிராம் அளவில் சாப்பிடுகிறார்கள். ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் இருக்கிற நமக்கு மீனைவிட இந்தக் கதைதான் பயன்படும்.

ஜப்பானின் ஒகினாவா தீவு மாதிரி, நூறு வயதுக்காரர்கள் நிறைய இருப்பதாகச் சொல்லப்படும் "நீல மண்டலங்கள்" பற்றி நிறையப் படிக்கிறேனே?

ஒகினாவா ஆண்களின் ஆயுள் 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் 47 மாவட்டங்களில் 26-ஆவது இடத்துக்கு விழுந்தது. ஜப்பானில் அது பெரிய அதிர்ச்சிச் செய்தி. 1972 வரை அமெரிக்க நிர்வாகத்தில் இருந்த தீவு அது. பர்கரும் டின்னில் அடைத்த இறைச்சியும் மற்ற இடங்களுக்கு முன்பே வந்துவிட்டன. பழைய தலைமுறை சர்க்கரைவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்தது, அடுத்த தலைமுறை அப்படி இல்லை. மண்ணில் மாயம் எதுவும் இல்லை.

சரி, மரபணு?

ஒரே மக்களை இரண்டாகப் பிரித்து வைத்தால் என்ன ஆகும் என்று கொரியா காட்டிவிட்டது. தெற்கில் சராசரி ஆயுள் 84-ஐ ஒட்டி, வடக்கில் அதைவிடப் பத்தாண்டு அளவுக்குக் குறைவு. ஹவாயிலும் கலிஃபோர்னியாவிலும் குடியேறிய ஜப்பானியர்களுக்கு, ஊரில் இருந்தவர்களைவிட இதயநோய் கூடியது என்பதும் பழைய ஆய்வு. தனி மனிதரின் ஆயுளில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. நாடுகளுக்கு இடையிலான வித்தியாசத்துக்கு அதை இழுப்பது வீண்.

ரஷ்யாவில் ஆண்கள் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் இறக்கிறார்கள்?

வோட்கா. எளிமைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்கலாம், ஆனால் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். 1985-இல் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் மதுவுக்குக் கடிவாளம் போட்டார். இரண்டே ஆண்டில் ஆண்களின் ஆயுள் சுமார் 65-க்கு ஏறியது. கட்டுப்பாடு தளர்ந்தது, சோவியத் யூனியனும் உடைந்தது. 1994-இல் 57-58-க்குச் சரிந்தது. சாராயம் வாங்கக் காசில்லாதவர்கள் சென்ட்டையும் மருந்துக் கரைசலையும் குடித்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிறகு வரி ஏறியது, இரவு விற்பனை தடுக்கப்பட்டது, வோட்காவுக்குக் குறைந்தபட்ச விலை வந்தது. 2019-இல் ஆண்களின் ஆயுள் 68. அப்போதும் பெண்கள் அவர்களைவிடப் பத்தாண்டு அதிகம் வாழ்ந்தார்கள். எல்லா நாட்டிலும் பெண்கள்தான் முன்னே, ஆனால் இவ்வளவு இடைவெளி உடற்கூறால் மட்டும் வராது.

ஒரு நாடு கீழே விழுந்து மறுபடி எழ முடியுமா?

போட்ஸ்வானா எழுந்தது. வைரம் விற்று வளர்ந்த நாடு. எச்.ஐ.வி. பரவியதில் 60-ஐத் தாண்டியிருந்த ஆயுள், 2000-ஐ ஒட்டி 50-ஐச் சுற்றி வந்து நின்றது. 2002-இல் அரசு கூட்டு மருந்து சிகிச்சையை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே ஆயுள் திரும்ப ஏறியது. பக்கத்து நாடான தென்னாப்பிரிக்காவில் அதே காலத்தில் அதிபர் தாபோ உம்பெக்கி, எய்ட்ஸுக்குக் காரணம் அந்தக் கிருமிதானா என்று சந்தேகம் எழுப்பிக்கொண்டிருந்தார். அந்தத் தாமதத்தின் விலை 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள்.

ஒரே நாட்டுக்குள்ளும் இவ்வளவு வித்தியாசம் உண்டா?

உண்டு. கேரளத்தில் 75-ஐ ஒட்டி, தமிழ்நாட்டில் 73-ஐ ஒட்டி, சத்தீஸ்கரில் சுமார் 65. ஒரே நகரத்துக்குள்ளேயே கூடக் காணலாம். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவின் கால்டன் பகுதி ஆணுக்கு 54, சில கிலோமீட்டர் தள்ளி லென்சியில் 82 என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2008 அறிக்கை எழுதியது. அப்போது நாடு மொத்தத்துக்கும் இலவச மருத்துவம் வந்து அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த எண்களை அப்படியே நம்பலாமா?

இறப்புப் பதிவு ஒழுங்காக உள்ள நாடுகளில் நம்பலாம். நைஜீரியா போன்ற நாடுகளில் பெரும்பாலான இறப்புகள் பதிவாவதில்லை. தாய்மாரிடம் எத்தனை பிள்ளைகள் பிறந்தன, எத்தனை இருக்கின்றன என்று கேட்டு மதிப்பிடுகிறார்கள். அதனால் ஐ.நா. ஓர் எண்ணையும் உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகள் கூடிய வேறோர் எண்ணையும் சொல்லும். ஜப்பானே 2010-இல் ஒரு சங்கடத்தில் மாட்டியது: குடும்பப் பதிவேடுகளில் நூறு வயதைத் தாண்டி "வாழ்ந்துகொண்டிருந்த" இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் காணவில்லை. நல்லவேளை, ஆயுள் கணக்கு பெரும்பாலும் அந்தப் பதிவேட்டை நம்பி இருக்கவில்லை.

எனக்கு 60 வயது. இந்தியாவின் சராசரி 72 என்றால் எனக்கு இன்னும் 12 ஆண்டுகள்தானா?

இல்லை. 72 என்பது பிறக்கும்போது போடும் கணக்கு. அறுபதுக்கு முன்பே இறந்தவர்கள் எல்லாரும் அதில் சேர்ந்திருக்கிறார்கள், நீங்கள் அவர்களைத் தாண்டி வந்துவிட்டீர்கள். இந்தியாவில் 60 வயதைத் தொட்டவருக்கு அதற்குமேல் சராசரியாகச் சுமார் 18 ஆண்டுகள் என்று இந்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் ஆயுள் அட்டவணை சொல்கிறது. பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். ஓய்வூதியத்தை மொத்தமாக எடுப்பதா, மாதாமாதம் வாங்குவதா என்று யோசிப்பவர்கள் 12-ஐ வைத்துக் கணக்குப் போட வேண்டாம், 18-ஐ வைத்துப் போடுங்கள். அதிலும் அது சராசரிதான். பாதிப் பேருக்கு அதற்கு மேலும் செலவுக்குப் பணம் வேண்டியிருக்கும்.